வேலை செய்தது அழுக்கு, பெயர் வாங்கியது நான்

எனக்கு முனைவர் பட்டம் கொடுத்தவர்கள் நல்லவர்கள். வைவாவில் அதிகம் குடையவில்லை. குடைந்திருந்தால் கீழே எழுதப்போவதில் பாதியையாவது அன்றைக்கே அவர்கள் முன்னால் நின்று ஒப்பித்திருப்பேன்.

என் துறை வினையூக்கிகள். தான் செலவாகாமல் பக்கத்தில் இருப்பவர்களை வேலை வாங்கும் பொருளுக்கு அந்தப் பெயர். எங்கள் துறைத் தலைவரும் அந்த வகைதான் என்று ஸ்காலர்கள் கேன்டீனில் பேசிக்கொள்வோம். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை இரண்டு: தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுப்பது, சாயக் கழிவுநீரை வெளுப்பது. ப்ராஜெக்டுக்கு எழுதிப் போடும்போது முதல் பத்தி எப்போதும் ஒன்றே. பெட்ரோலும் நிலக்கரியும் தீர்ந்துவருகின்றன, நீர்நிலைகள் நாசமாகின்றன, இரண்டுக்கும் தீர்வாக விலை குறைந்த, சூழலுக்கு உகந்த, புதிய வினையூக்கி ஒன்றை உருவாக்க உத்தேசித்துள்ளோம். அந்தப் பத்தியை நான் என் சீனியரிடமிருந்து எடுத்தேன். அவர் அவருடைய சீனியரிடமிருந்து எடுத்தார். மூலவர் யாரென்று யாருக்கும் தெரியாது.

இந்தத் துறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மெத்திலீன் ப்ளூவில்தான் பிள்ளையார் சுழி போடுவார்கள். மலிவான சாயம். நிறம் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். யுவி கருவியில் 664 நானோமீட்டரில் ஒரு முகடு ஓங்கி நிற்கும்; அது சரிந்தால் சாயம் அழிந்தது என்று கணக்கு. அழிப்பதற்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு, அதாவது சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்ட்டில் இருக்கும் அதே பொடி. அந்தப் பொருளின்மேல் ஒளி பாய்ச்சித் தண்ணீரைப் பிளக்கலாம் என்று ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதில் ஒரு வில்லங்கம். அந்தப் பொடிக்குப் புற ஊதாக் கதிர்தான் வேண்டும். வெயிலில் அது 4, 5 சதவீதம்தான். மீதி வெயிலையும் வேலை வாங்கலாம் என்று அரை நூற்றாண்டாக உலகம் முழுக்க ஸ்காலர்கள் அந்த வெள்ளைப் பொடியில் எதையாவது கலந்துகொண்டே இருக்கிறார்கள். நானும் கலந்தேன். பொடி இளமஞ்சளாக வந்தது. வந்த நிறத்தைப் பார்த்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை ஏற்பட்டது.

பீக்கரில் நீலக் கரைசலை ஊற்றி, பொடியைப் போட்டு, ஸ்டிரரைச் சுழலவிட்டு, விளக்கைப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் மேலே இருந்த கரைசல் குடிதண்ணீர் மாதிரி தெளிந்திருந்தது. கிராஃபை பிரின்ட் எடுத்துக்கொண்டு கைடு அறைக்கு ஓடினேன். அவர் கிராஃபைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“லைட்ட ஆஃப் பண்ணிட்டு வச்சுப் பாத்தியாப்பா?”

பார்க்கவில்லை. திரும்பி வந்து இருட்டில் வைத்துப் பார்த்தேன். இருட்டிலும் அதே தெளிவு. சாயம் அழியவில்லை; பொடியின்மேல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. சென்ட்ரிஃப்யூஜ் குழாயின் அடியில் என் இளமஞ்சள் பொடி கருநீலமாகக் குந்தியிருந்தது. கண்ணிருக்கிற எவருக்கும் அது போதும். நான் மேலே இருந்த தெளிவை மட்டும் பார்த்துவிட்டு, அடியில் இருந்த உண்மையை முதல் தடவையே சிங்க்கில் கழுவி ஊற்றியிருந்தேன்.

அதன் பிறகு திருந்தினேன். முதலில் இருட்டில் வைத்து, ஒட்டுவதெல்லாம் ஒட்டி முடித்த பிறகே விளக்கைப் போட்டேன். சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று நைட்ரஜன் வாயுவையும் கரைசலுக்குள் குமிழவிட்டேன். இந்த முறை வெளிச்சத்தில்தான் நிறம் போனது. எடுத்து குவெட்டில் ஊற்றி ஸ்டாண்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் குவெட்டின் மேல்பகுதியில் நீலமாக ஒரு வளையம். குலுக்கினேன். முழுக்க நீலம். அழிந்துபோன சாயம் ஆளில்லாத நேரத்தில் திரும்ப வந்திருந்தது.

விஷயம் இதுதான். மெத்திலீன் ப்ளூவுக்கு எலக்ட்ரான் கொடுத்தால் அது நிறமில்லாத இன்னொரு வடிவத்துக்குப் போய்விடும். காற்றில் உள்ள ஆக்ஸிஜன் பட்டால் மறுபடி நீலமாகும். பொடியை எத்தனாலில் கழுவிவிட்டு அவசரத்தில் சரியாக உலர்த்தாமல் போட்டிருந்தேன். மிச்சமிருந்த எத்தனால் எலக்ட்ரானுக்கு வழிவிட்டது, நான் ஊதிய நைட்ரஜன் ஆக்ஸிஜனை வெளியே தள்ளியது. சாயம் சாகவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், குளுக்கோஸும் காரமும் கலந்த மெத்திலீன் ப்ளூவை பாட்டிலில் ஊற்றி, வைத்தால் நிறம் போகும் குலுக்கினால் நீலம் வரும் என்று கல்லூரிக் கண்காட்சியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வித்தை காட்டியவனே நான்தான். எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு விளக்கத் தெரிந்தது. என் ஆராய்ச்சிக்குள் வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

இதையெல்லாம் தாண்டி ஒரு பொடி உண்மையிலேயே வேலை செய்தது. அந்தத் தைரியத்தில்தான் திருப்பூருக்குப் போனேன்.

திருப்பூரின் கதை தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுநீர்க் குட்டையானது. விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஊருக்கு நான் ஒரு சின்ன டப்பாவில் இளமஞ்சள் பொடியோடு போய் இறங்கினேன். மனசுக்குள் நொய்யலே தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு பட்டறையின் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் பொறுமைசாலி. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தொட்டியிலிருந்து ஒரு வாளி மொண்டு காட்டினார். மை மாதிரி கறுப்பு. கையை விட்டால் விரல் தெரியாது. வெளிச்சம் உள்ளே போனால்தானே என் பொடி வேலை செய்யும்?

“நீங்க எந்தச் சாயத்துல டெஸ்ட் பண்ணுனீங்க சார்?”

“மெத்திலீன் ப்ளூங்க. லிட்டருக்கு 10 மில்லிகிராம்.”

“அதை வச்சு இங்க யாருங்க பனியனுக்குச் சாயம் போடறாங்க?”

சிரிக்காமல் கேட்டார். அதுதான் அவருடைய பெருந்தன்மை. பருத்திக்கு அவர்கள் போடுவது ரியாக்டிவ் சாயம். அது நூலில் ஏற வேண்டுமென்றால் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு கொட்ட வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும், உப்பு அத்தனையும் தண்ணீரோடு வரும். வெளியே விடும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி; திருப்பூரில் அந்த நீரையே வெளியே விடக் கூடாது.

“கலர் எடுக்கறதுக்கு எங்ககிட்டயே வழி இருக்குதுங்க சார். உப்புக்கு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?”

வைத்திருக்கவில்லை. உலகத்தில் எந்த வினையூக்கியும் சோடியத்தையும் சல்பேட்டையும் இல்லாமல் ஆக்கிவிடாது. அதற்கு ஆர்ஓ, அதில் மிஞ்சும் கெட்டி உப்புநீரைக் காய்ச்ச எவாப்பரேட்டர், அதற்கான மின்சாரம், விறகு, கடன், வட்டி என்று அவர் வரிசையாகச் சொன்னார். கடைசியாக, பொடியைத் தொட்டியில் போட்டால் திரும்ப எப்படிப் பிடிப்பது என்று கேட்டார். லேபில் சென்ட்ரிஃப்யூஜில் பிடிப்போம் என்றேன். எவ்வளவு தண்ணீர் என்றார். குழாய்க்கு 10 மில்லி என்று சொல்ல வாய் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். ஆய்வறிக்கையில் அந்தப் பயணம் ‘களப் பயன்பாட்டுக்கான சாத்தியங்கள்’ என்ற தலைப்பில் அரைப் பக்கமாக இடம்பெற்றது. உப்பு என்ற சொல் அதில் இல்லை.

பட்டம் வாங்கி ஒரு கல்லூரியில் சேர்ந்ததும் தண்ணீரை வெளுப்பது போதும், பிளப்போம் என்று ஹைட்ரஜன் பக்கம் தாவினேன். அப்போது எல்லாரும் கரியில் இருந்தார்கள். தேங்காய்ச் சிரட்டை, வாழைப்பழத் தோல், வேப்பிலை, எது கிடைத்தாலும் ஃபர்னஸில் நைட்ரஜனை ஓடவிட்டு 800 டிகிரியில் கருக்கினால் ஒரு பேப்பர். யாரும் தொடாததாகத் தேடி நான் பனங்கொட்டையைப் பிடித்தேன். ஏன் யாரும் தொடவில்லை என்பது சுத்தியலை எடுத்த பிறகுதான் புரிந்தது. நார் பிய்த்து, கொட்டையை உடைத்து, கருக்கி, ஆசிடில் கழுவி, மின்முனையில் பூசி, கந்தக அமிலக் கரைசலில் இறக்கினேன்.

முதல் நாள் சுமார். மறுநாள் பரவாயில்லை. அதற்கு அடுத்த நாள் இன்னும் பிரமாதம். ஓட ஓட ஏறிக்கொண்டே போனது. சாதாரணமாக வினையூக்கி பழசாகப் பழசாகச் சோரும், என்னுடையது தேறியது. ‘தானே கூர்மையாகும் வினையூக்கி’ என்று போஸ்டர் தயாரித்துக் கருத்தரங்குக்குக் கொண்டுபோனேன். பனங்கொட்டைக் கரி பிளாட்டினத்துக்கு இணையாக வேலை செய்கிறது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். சிறந்த போஸ்டருக்கான கேடயமும் கிடைத்தது. கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும்போது ஒரு பெரியவர் வந்து மெதுவாகக் கேட்டார்: “எதிர் மின்முனை என்ன தம்பி போட்டீங்க?”

“பிளாட்டினம் வயர் சார்.”

“ஓ” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அந்த ஒற்றை எழுத்தை நான் ஊர் வந்து சேரும்வரை மென்றுகொண்டே வந்தேன்.

ஒரு முனையில் ஹைட்ரஜன் வந்தால் மறுமுனையில் ஆக்ஸிஜன் வர வேண்டும். அந்த மறுமுனையில் இருக்கும் பிளாட்டினம் கம்பி அமிலத்தில் துளித்துளியாகக் கரையும். கரைந்தது நீந்தி வந்து இந்தப் பக்கம் கரியின்மேல் படியும். ஹைட்ரஜன் எடுப்பதில் பிளாட்டினத்தை மிஞ்ச ஆளில்லை; கண்ணுக்குத் தெரியாத அளவு படிந்தாலே போதும். இது தெரிந்தவர்கள் கிராஃபைட் குச்சியைப் போடுவார்கள். நானும் போட்டேன். பனங்கொட்டை பனங்கொட்டையாகவே இருந்தது. பிளாட்டினத்துக்கு இணை என்று போஸ்டரில் போட்டது பொய்யில்லை. வேலை செய்ததே பிளாட்டினம்தான்.

2020-இல் ‘ஏசிஎஸ் நானோ’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. கிராஃபீனில் எதைக் கலந்தாலும் வினையூக்கம் கூடுகிறது என்று ஆளாளுக்கு எழுதுகிறார்களே, பார்த்துவிடுவோம் என்று மார்ட்டின் புமேராவும் கூட்டாளிகளும் பறவை எச்சத்தைக் கலந்து பார்த்தார்கள். கூடியது. துறையைக் கிண்டல் செய்வதற்கென்றே செய்த சோதனை. ஆனால் வந்த எண்கள் நிஜம். படித்துவிட்டு என் மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத் தோன்றியது வேறு. பனங்கொட்டைக்குப் பதில் காக்கா எச்சத்தை எடுத்திருந்தால் உடைக்கிற பாடாவது மிச்சமாகியிருக்கும்.

அமிலம் வேண்டாம், காரத்துக்குப் போவோம் என்று முடிவெடுத்தேன். அதற்கு நியாயமும் இருந்தது. 2023 ஜனவரியில் ஒன்றிய அரசு 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தை அறிவித்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. அமிலத்தன்மையுள்ள கலன்களில் ஆக்ஸிஜன் முனைக்கு இரிடியம் வேண்டும். உலகம் முழுக்கத் தோண்டினாலும் ஆண்டுக்குச் சில டன்தான் கிடைக்கும் உலோகம் அது. காரத்தில் என்றால் நிக்கலே போதும். ஒரு சிறிய ப்ராஜெக்ட் கிடைத்தது. லேபில் கிடந்த பழைய பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடில் என் நிக்கல் அருமையாக வேலை செய்தது. பணம்தான் வந்துவிட்டதே, இனி எல்லாம் உயர்தரம் என்று மிகச் சுத்தமான ஹைட்ராக்ஸைடை, பழையதைவிடப் பல மடங்கு விலையில் வரவழைத்தேன். நிக்கல் படுத்துவிட்டது.

சப்ளையருக்குக் காட்டமாக ஒரு கடிதம் போட்டேன். தாங்கள் அனுப்பிய சரக்கு தரமற்றது, எங்கள் ஆய்வு பாதிக்கப்பட்டுள்ளது, மாற்றித் தரவும். அவர்கள் பதிலுக்குப் பகுப்பாய்வுச் சான்றிதழை அனுப்பினார்கள். அதில் இரும்பு என்ற வரியில் இருந்த எண் மிக மிகச் சிறியது. பழைய பாட்டில் லேபிளை எடுத்துப் பார்த்தேன். அதில் இரும்பு கொஞ்சம் தாராளமாகவே இருந்தது.

நிக்கல் தனியாக ஒன்றும் பெரிய ஆள் இல்லை என்பதும், கரைசலில் தூசு அளவு இரும்பு கலந்தால் அது பிரமாதமாக ஆக்ஸிஜனை விடும் என்பதும் டென்னிஸ் காரிகன் 1987-லேயே எழுதிய சங்கதி. 2014-இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் போட்சரின் குழு கரைசலிலிருந்து இரும்பை முழுக்க நீக்கிப் பார்த்து, நிக்கலின் பெயரில் பலரும் வாங்கிய பாராட்டு இரும்புக்குச் சேர வேண்டியது என்று காட்டியது. இன்றைக்குக் காரக் கரைசலில் ஆக்ஸிஜன் எடுப்பதற்கு நிக்கலும் இரும்பும் சேர்ந்த கலவைதான் முன்வரிசையில் நிற்கிறது. அவர்கள் இரும்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். நான் பணத்தைத் திருப்பிக் கேட்டேன்.

அமோனியா பக்கமும் ஒருமுறை தலைகாட்டினேன். காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து மின்சாரத்தால் அமோனியா செய்வது. உரத்துக்காக இன்றைய ஆலைகள் அமோனியா செய்வதற்கே உலக எரிசக்தியில் ஏறத்தாழ 2 சதவீதம் போகிறது என்பதால் ஆசை நியாயமானது. அமோனியா இருந்தால் சோதனைக் கரைசல் நீலமாக மாறும். மாறியது. வினையூக்கி போடாமல் செய்தாலும் மாறியது. மின்சாரமே கொடுக்காமல் வைத்தாலும் மாறியது. நாம் விடும் மூச்சில் அமோனியா உண்டு, கையுறையில் இருக்கும், காற்றில் இருக்கும். எங்கள் லேபின் அடுத்த கதவு ஆண்கள் கழிப்பறை. ஐசோடோப் மாற்றிய நைட்ரஜனைக் கொண்டு சரிபார்க்காமல் இந்தத் துறையில் வாயைத் திறக்காதீர்கள் என்று 2019-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு குழு நெறிமுறையே எழுதி வைத்தது. ஐசோடோப் வாயுவின் விலையைக் கேட்டேன். வாயை மூடிக்கொண்டேன். இந்த ஒன்றில் மட்டும் என் வறுமை என்னைக் காப்பாற்றியது.

அதே அமோனியாவின் பழைய கதையைப் படித்த பிறகுதான் என் கோளாறு எனக்குச் சரியாகப் புரிந்தது. ஃபிரிட்ஸ் ஹாபர் அமோனியா செய்து காட்டியது ஆஸ்மியத்திலும் யுரேனியத்திலும். ஆலை வைத்து நடத்த இரண்டும் கட்டுப்படியாகாது. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ஆல்வின் மிட்டாஷ் மலிவான மாற்றைத் தேடினார். சுத்தமான இரும்பு கைகொடுக்கவில்லை. 1909-இல் அலமாரியில் கிடந்த ஒரு ஸ்வீடன் இரும்புத் தாதுவைப் போட்டுப் பார்த்தபோது அது எதிர்பாராமல் நன்றாக வேலை செய்தது. நானாக இருந்தால் அன்று மாலையே ‘ஸ்வீடன் தாதுவின் அபூர்வ வினையூக்கம்’ என்று போஸ்டர் அடித்திருப்பேன். மிட்டாஷ் அந்தத் தாதுவில் என்ன அழுக்கு இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். சுத்தமான இரும்பில் அழுக்குகளை ஒவ்வொன்றாக வேண்டுமென்றே கலந்தார். 1912 வாக்கில் ஏறத்தாழ 2,500 கலவைகள், 6,500 சோதனைகள். அலுமினாவும் பொட்டாஷும் கலந்த இரும்பு வந்து நின்றது. 1913-இல் ஓப்பாவில் ஆலை ஓடியது. இன்றைக்கும் உர ஆலைகளில் இருப்பது பெரும்பாலும் அந்த இரும்பின் வாரிசுதான். அழுக்கு அவருக்கும் வந்தது, எனக்கும் வந்தது. அவர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தார். என் லேபில் அது பெயரில்லாமல் வந்து வேலையை முடித்துவிட்டுப் போனது.

இப்போது என் மாணவர்கள் கிராஃபோடு ஓடிவந்தால், இருட்டில் வைத்தாயா, வினையூக்கி இல்லாமல் செய்தாயா, எதிர் மின்முனை என்ன, காரம் எந்த பாட்டில் என்று வரிசையாகக் கேட்கிறேன். அதனால் என் அறைக்கு ஓடிவருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆக, ஞானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மழைக்காலத்தில் பைக் இழுக்காமல் போகும்வரை.

மெக்கானிக் சைலன்சரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உள்ள சல்லடை மாதிரி ஒண்ணு இருக்கும் சார். பொக அதுல மாட்டிக்கிது. கழட்டிட்டா பிக்கப் வரும்.”

“மைலேஜும் கூடுமா?”

“கூடும்னுதான் சொல்றாங்க.”

“அப்ப கழட்டிருங்க.”

அவர் ஸ்பேனரை எடுத்துக் குனிந்தவர், நிமிர்ந்து கேட்டார். “இதுல பிளாட்டினம் இருக்காமே, நெசமா சார்? பழைய இரும்புக்காரங்க இதை மட்டும் தனியா வெல வெச்சு எடுக்கறாங்க.”

அப்போதுதான் உறைத்தது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் நெஞ்சுக்குள் போக விடாமல் மடக்கிப் போடும் பொருள். இதற்கு ஈயம் எமன் என்பதால்தான் 1995-இல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு ஈயமில்லாத பெட்ரோலே வந்தது. என் கைக்கு வந்த வினையூக்கிகளில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வேலை செய்யும் ஒரே ஒன்று, என் காலுக்கடியில், தினமும் என்னோடு கல்லூரிக்கு வந்துகொண்டிருந்தது. அதைத்தான் மைலேஜுக்காகக் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.

“வேண்டாம், விட்டுருங்க. வேற ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க.”

அவர் சீட்டைத் தூக்கி ஏர் ஃபில்டரை உருவினார். தரையில் தட்டினார். ஒரு கைப்பிடி மண் கொட்டியது.

“மொதல்ல அழுக்கு எங்கன்னு பாக்கணும் சார். அப்புறம்தான் மத்ததெல்லாம்” என்று சொல்லி, புது ஃபில்டருக்கும் சேர்த்து 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஆராய்ச்சி முறையியல் பயிலரங்கு என்று நான் போய் வந்த எதிலும் பதிவுக் கட்டணம் இவ்வளவு குறைவாக இருந்ததில்லை.